கழனி வாளியும் அரைக்கும் இயந்திரமும்

மகனே,

நீ தொலைபேசியில் கேட்டது ஒரே ஒரு கேள்வி. சிங்க்கின் அடியில் பூட்டினால் சமையல் கழிவை அரைத்துத் தண்ணீரோடு அனுப்பிவிடும் இயந்திரம் இரண்டு வாங்கப் போவதாகச் சொன்னாய். ஒன்று, கல்யாணத்துக்குப் பிறகு நீயும் மருமகளும் குடிபோகும் கொழும்பு மாடிவீட்டுக்கு. மற்றது, லிந்துலையில் உன் அம்மாவின் சமையலறைக்கு. "எது நல்லதுன்னு பாத்துச் சொல்லுங்கப்பா, நீங்கதானே சயன்ஸ் வாத்தியாரு" என்றாய். ஒரு வரியில் பதில் அனுப்பியிருக்கலாம். ஆனால் அந்தப் பதிலைத் தேடப் போன இடத்தில் நான் ஒரு காரியம் செய்துவிட்டேன். அது உன் கல்யாணப் பந்தல் வரைக்கும் போய்விட்டது. அம்மா இதை உன்னிடம் சொல்லவில்லை என்று தெரியும். கல்யாண மாப்பிள்ளையின் மனசைக் கலைக்கக் கூடாதாம். உன் கல்யாணத்தைப் பற்றிய விஷயம் உனக்குத் தெரியாமல் இருப்பது சரியில்லை என்பது என் எண்ணம். ஆகவே எழுதுகிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பிட்டு முடித்துவிட்டு, அவசரமில்லாமல் வாசி.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீ இந்த இயந்திரத்தைப் பற்றிப் பேசிய அன்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அம்மா மழையில், மாட்டுக்குப் போகும் கழனி வாளியைத் தூக்கிக்கொண்டு பின்படியில் இறங்கும்போது வழுக்கி விழுந்து கணுக்காலைச் சுளுக்கிக்கொண்டாள். வீடியோவில் அவள் காலில் போட்டிருந்த கட்டைப் பார்த்ததும் உன் முகம் மாறியது. பேச்சை முடிப்பதற்குள், அம்மா இனி வாளி தூக்கவே கூடாது, அதற்கு இயந்திரம் இருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டாய். இப்படி ஒரு பிள்ளை யாருக்கு இருக்கிறான் என்று ஆசிரியர் அறையில் சொல்லிப் பெருமைப்பட்டிருப்பேன். அங்கே நான் பேசுகிற ஆள் யாரும் இல்லை என்பதால் சொல்லவில்லை. அந்தப் படியைக் கட்டிய மேசன் பாஸையும் நான் மறக்கவில்லை. தண்ணீர் ஓடச் சரிவு வை, சரிவு வை என்று எத்தனை தரம் சொன்னேன். "ஹரி சேர், ஹரி சேர்" என்று சிங்களத்தில் சரி சொல்லித் தலையாட்டிவிட்டுத் தட்டையாகப் பூசிவிட்டுப் போய்விட்டான். பிறகு அதில் பாசி பிடிக்காமல் என்ன செய்யும்.

நீ கேட்டபடி ஹட்டனுக்குப் போய்ப் பார்த்தேன். குளியலறைச் சாமான் விற்கும் ஒரு கடையில் இப்படி ஓர் இயந்திரத்தைக் காட்சிக்கு வைத்திருந்தார்கள். கழுத்துப்பட்டி கட்டிய விற்பனையாளர் ஒருவர் அதைத் தட்டிக் காட்டினார்.

"சேர், இது எலும்பையே தூளாக்கிரும்."

"எங்க வீட்டில எலும்ப நாங்களே தூளாக்கிருவோம். முருங்கைக்காய்ச் சக்கைய என்ன செய்யும்?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "முருங்கைக்கா போடக் கூடாதுங்க சேர். நாரு சுத்திக்கிரும்."

"வாழப்பூ மடல்?"

"அதுவும் கூடாதுங்க."

"பலாக்காய்த் தோலு?"

"பால் ஒட்டிக்கிரும் சேர்."

"தேங்காத் தும்பு? வெங்காயச் சருகு? மிஞ்சின சோறு?"

"சோறு கொஞ்சமா போடலாம். நெறைய போட்டா ஊதி பைப்புல நின்னுக்கிரும்." அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சேர், நீங்க வீட்டில என்னதான் சமைக்கிறீங்க?"

அவரைக் குறை சொல்ல மாட்டேன். அந்த இயந்திரம் நம் சமையலுக்குச் செய்தது இல்லை. ஆனாலும் கொழும்பில் உனக்கு அது உதவும். ஐந்தாவது மாடியில் கழிவைப் பையில் கட்டி வைத்துக்கொண்டு, குப்பை எடுப்பவர்கள் வரும் நாளுக்காகக் காத்திருந்தால், அந்த வெக்கையில் வீடு நாறிப்போகும். ஆகவே உன் வீட்டுக்கு வாங்கு. வாங்குவதற்கு முன் கட்டடத்தை நிர்வகிப்பவர்களிடம், கழிவுக் குழாயில் அரைத்த கழிவு போகலாமா என்று எழுத்தில் கேட்டுக்கொள். பிறகு கீழ் மாடிக்காரன் சிங்க்கில் உன் வீட்டுக் கறிவேப்பிலை எழும்பி வந்தால் அந்தச் சண்டை ஆயுளுக்கும் ஓயாது. எனக்குச் சண்டைகளைப் பற்றித் தெரியும். மோட்டார் அரைக் குதிரை வலுவில் வேண்டாம், முக்கால் எடு. நாம் சமைப்பது அப்படி. உள்ளே அரைக்கும் பாகம் துருப்பிடிக்காத உருக்காக இருக்கிறதா என்று கேள். சிங்க்கின் துவாரத்தை அளந்துகொண்டு போ. இங்கே விற்கிற சிங்க் பலவற்றில் துவாரம் சிறியது, இயந்திரத்தின் கழுத்து அதில் உட்காராது. கொழும்புக் கடைக்காரன் அதைச் சொல்லாமல் விற்றுவிட்டு, பிறகு புது சிங்க்கையும் உன் தலையில் கட்டுவான். சுவிட்சை ஈரக் கை படாத இடத்தில் வைக்கச் சொல். நில இணைப்பு சரியாக இருக்கிறதா என்று தெரிந்த ஒரு மின் வேலைக்காரரை வைத்துப் பார். இயந்திரத்தைப் போடுமுன் குளிர்ந்த தண்ணீரைத் திறந்துவிடு, அரைத்து முடித்த பிறகும் கொஞ்ச நேரம் ஓடவிடு. எண்ணெயை ஊற்றாதே. தேயிலைச் சக்கையைப் போடாதே, அது குழாயின் வளைவில் போய்ப் படியும். நின்றுபோனால், மின்சாரத்தை நிறுத்திவிட்டு இடுக்கியால் எடு. என்ன அவசரமானாலும் கையை உள்ளே விடாதே. மருமகளிடமும் இதைச் சொல். சொல்லிவிட்டு, அந்த இயந்திரத்தைச் சுத்தம் செய்யும் வேலையை நீ எடுத்துக்கொள்.

இரண்டு வகை இருக்கின்றன. ஒன்று, சுவிட்சைப் போட்டதும் ஓடிக்கொண்டே இருக்கும், நாம் மேலிருந்து போட்டுக்கொண்டே இருக்கலாம். மற்றது, மூடியைப் போட்டுத் திருகினால்தான் ஓடும். மூடி வகையை எடு. கொஞ்சம் பொறுமை வேண்டும், ஆனால் கரண்டியும் வளையலும் தப்பும். நீ மாணவத் தலைவனாக இருந்தபோது உன் சட்டைச் சின்னம் காணாமல் போனது ஞாபகம் இருக்கிறதா. வீட்டைத் தலைகீழாகப் புரட்டினோம். நான் உன்னை அடித்தேன். பள்ளிக்கூடத்தில் காலைக் கூட்டம் நடந்துகொண்டிருக்கும்போது உன் சித்தப்பா வேலை உடுப்போடு வாசலில் வந்து நின்று, மாட்டுத் தொட்டியில் கிடந்தது என்று அந்தச் சின்னத்தைக் கழுவித் துடைத்துக் கொடுத்துவிட்டுப் போனான். அது கழனி வாளிக்குள் விழுந்திருக்கிறது. இயந்திரத்துக்குள் விழுந்திருந்தால் யாரும் கொண்டுவந்து கொடுத்திருக்க மாட்டார்கள்.

சித்தப்பாவின் பேச்சு வந்துவிட்டது. இனி நம் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

நானும் அவனும் பேசுவதில்லை என்பது உனக்குத் தெரியும். ஏன் என்பதை நான் உனக்கு ஒழுங்காகச் சொன்னதில்லை. பள்ளிக்கூடத்தின் அதிபர் பதவி எனக்கு வரவேண்டியது. தகுதியும் இருந்தது, சேவைக் காலமும் இருந்தது. அரசியல்வாதி ஒருவரின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியிலிருந்து ஓர் ஆள் வந்தான். அதைக்கூட நான் ஜீரணித்திருப்பேன். அந்த ஆளின் வரவேற்பு விழாவில், தோட்டத் தொழிலாளர்களின் தலைவர் என்ற முறையில் மேடையேறி அவன் கழுத்தில் மாலை போட்டது என் கூடப் பிறந்தவன். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து அவனோடு ஒரு வார்த்தை இல்லை. அவன் வீடு நம் வீட்டுக்கு நேர் கீழே, மண்மேட்டுக்குக் கீழே இருக்கிறது. எங்கள் அப்பனுக்குக் கிடைத்த நிலத்தில் மேல்பாதி எனக்கு, கீழ்ப்பாதி அவனுக்கு. என் ஜன்னலைத் திறந்தால் அவன் கூரைதான் தெரியும்.

பேச்சு நின்றாலும் வாளி நிற்கவில்லை. அரிசி கழுவின தண்ணீர், முட்டைக்கோவா இலை, லீக்ஸ் தலை, கிழங்குத் தோல், மிஞ்சின கஞ்சி எல்லாம் அம்மா ஒரு வாளியில் சேர்த்துப் பின்படியில் வைப்பாள். உன் சித்தி வந்து அவர்கள் மாட்டுக்கு எடுத்துக்கொண்டு போவாள். வாளிகள் இரண்டு, ஒன்று போனால் மற்றது வரும். வருகிற வாளி ஒரு நாளும் வெறுமையாக வந்ததில்லை. ஒரு பிடி கீரை, இரண்டு பீட்ரூட், அம்மாவின் ரோஜாவுக்குக் காய்ந்த சாணம், மாடு கன்று போட்ட காலத்தில் சீம்பால். தோட்டத்து லய வரிசை வீடுகளில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அடுத்த வீட்டு ஏனத்தை யாரும் வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பதில்லை. உன் கல்யாணத்தைப் பற்றிய செய்தியும் அந்த வாளியோடுதான் கீழே போனது. பெண் எந்த ஊர், என்ன படித்திருக்கிறாள் என்று சித்தி கேட்டுப் போவாள், சித்தப்பா என்ன சொன்னான் என்று மறுநாள் வந்து சொல்வாள். நம் குடும்பத்தில் மாப்பிள்ளை வீட்டுப் பந்தக்காலை மாப்பிள்ளையின் சித்தப்பன்தான் ஊன்றுவான். நான் போய் அழைக்க மாட்டேன் என்று அம்மாவுக்குத் தெரியும். ஆகவே அவளும் சித்தியும் படியில் நின்று பேசியே காரியத்தை முடித்துக்கொண்டிருந்தார்கள். நீ தொலைபேசியில் சுற்றி வளைத்து, "சித்தப்பா வீட்டில எல்லாரும் நல்லா இருக்காங்களாப்பா" என்று கேட்பதன் அர்த்தமும் எனக்குத் தெரியாமல் இல்லை.

இந்த நிலையில்தான் எனக்கு அம்மாவின் இயந்திரத்தை அளவு பார்க்க வேண்டியிருந்தது. வீட்டில் எவ்வளவு கழிவு, என்ன வகைக் கழிவு சேர்கிறது என்று தெரியாமல் எதைச் சிபாரிசு செய்வது. கட்டுப்போட்ட காலை ஸ்டூலில் வைத்துக்கொண்டு காய் நறுக்கிக்கொண்டிருந்த அம்மாவிடம், சில நாட்களுக்கு எல்லாவற்றையும் என்னுடைய மூடி போட்ட வாளியில் போடு, நான் தராசில் நிறுத்துப் பார்க்கப் போகிறேன் என்றேன்.

"கீழ கேட்டா என்னாங்க சொல்றது?"

"சொல்றதுக்கு என்ன இருக்கு. சில நாளைக்குத்தானே."

அம்மாவால் பின்படிக்கு நடக்க முடியாது. மறுநாள் காலை சித்தி வந்தபோது சமையலறையில் இருந்தவன் நான்தான். அவள் வாளியை எட்டிப் பார்த்தாள்.

"அக்கா எங்கங்க மாமா?"

"உள்ள படுத்திருக்கா."

"வாளியில ஒண்ணும் இல்லையே."

"இப்ப போடுறதில்ல" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். இயந்திரம், தராசு, மகன் வாங்கித் தருகிறான் என்று நாலு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருக்கலாம். கீழ்வீட்டாரோடு பேசாமலே இருந்து எனக்கு அந்த நாலு வார்த்தை வரவில்லை. சித்தி சேலைத் தலைப்பை இழுத்துச் சொருகிக்கொண்டு இறங்கிப் போனாள். அடுத்த நாள் காலையில் பார்த்தால், அவர்களிடம் இருந்த நம் மற்ற வாளி பின்படியில் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. நன்றாகத் தேய்த்துக் கழுவி, துணியால் துடைத்திருந்தது. நிமிர்த்திப் பார்த்தேன். உள்ளே ஒன்றும் இல்லை.

அதைக் கொண்டுபோய் அம்மாவிடம் காட்டினேன். அவள் வாளிக்குள் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். "என்ன சொன்னீங்க அவகிட்ட?" என்று கேட்டாள். சொன்னதைச் சொன்னேன்.

"அவ்வளவுதானா சொன்னீங்க?"

"உண்மையத்தானே சொன்னேன்."

"ஒங்க உண்மைய பள்ளிக்கூடத்தோட வச்சுக்கிட்டா என்ன. பந்தக்கால் ஊண்ற நேரத்தில உறவு வேணாம்னு சொல்லி அனுப்பியிருக்கீங்க. இனி நான் தட்டுல வெத்தல பாக்கு வச்சிக்கிட்டு நொண்டி நொண்டிப் போனாலும் அவரு வர மாட்டாரு. புள்ள வந்து சித்தப்பா எங்கன்னு கேட்டா, தராசக் காட்டுங்க."

அம்மா அழவில்லை. வெங்காயத்தை நறுக்கினாள். எனக்கு அது அழுததைவிட மோசமாக இருந்தது. மகனே, எனக்கு ஒரு விஷயம் அன்றுதான் உறைத்தது. கோபக்காரன் என்று பேரெடுத்த நான், இத்தனை காலமும் கோபத்தை வசதியாக வைத்துக்கொண்டிருந்தேன். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்க, உறவைத் தாங்கும் வேலையை இரண்டு பெண்கள் ஒரு வாளியில் போட்டுத் தூக்கிக்கொண்டு திரிந்தார்கள். அந்த வாளியை நான் ஒரு நாளும் தொட்டதில்லை. தொட்டிருந்தால் அம்மா பாசிப் படியில் இறங்கியிருக்க வேண்டியதில்லை.

என் தராசு வாளியில் இருந்தது புளித்துப்போயிருந்தது. அதைக் கொடுத்தால் மாட்டுக்கு வயிறு ஊதும். குழி வெட்டிப் புதைத்துவிட்டு, மறுநாள் காலையில் அம்மாவிடம் புதிதாகச் சேர்த்துத் தரச் சொன்னேன். அம்மா ஒன்றும் கேட்காமல் நல்ல கோவா இலையாகப் பார்த்து நிறையப் போட்டுத் தந்தாள். ஓரிரண்டு நாங்களே சாப்பிடக்கூடிய இலைகள். நான் வாளியோடு மேட்டில் இறங்கினேன்.

உன் சித்தப்பா மாட்டுக் கொட்டிலில் புல் நறுக்கிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் கத்தியைக் கீழே வைத்தான்.

"யாரு, வாத்தியாரா? வழி தெரிஞ்சிச்சா?"

"வாளி கொண்டாந்தேன்."

"இப்ப போடுறதில்லன்னு சொன்னீங்களாம்."

"ஒரு சோதனைக்காக நிப்பாட்டி வச்சது."

"சோதன எனக்கா, மாட்டுக்கா?"

"கழிவுக்கு. ஒரு நாளைக்கு எவ்வளவு சேருதுன்னு நிறுத்துப் பாத்தேன்."

அவன் கையில் ஒட்டியிருந்த புல்லைத் தட்டிவிட்டான். "வெள்ளக்காரத் தொரைகூட கொழுந்தத்தான் நிறுத்தான். நீங்க தோல நிறுத்தீங்களா?"

இயந்திரத்தைப் பற்றிச் சொன்னேன். நீ அம்மாவுக்கு வாங்கித் தரப் போகிறாய் என்று சொன்னேன். அவன் கன்னத்தைச் சொறிந்துகொண்டு கேட்டான்.

"உள்ள போட்டா அரைச்சிரும். சரி. அரைச்சி?"

"குழிக்குப் போயிரும்."

"குழிக்குப் போறத எதுக்கு அரைக்கணும்?"

"பைப்பு அடைக்காம இருக்க."

"பைப்புல போடாட்டி அடைக்காதே."

"அது இங்க. கொழும்பில அஞ்சாவது மாடியில மாடு கட்டுவியா நீ?"

அப்போதுதான் அவனுக்குச் சிரிப்பு வந்தது. வாளியை வாங்கித் தொட்டியில் கவிழ்த்தான். கோவா இலையைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "இத நாங்களே சுண்டலாம் போல இருக்கே" என்று முணுமுணுத்தான். மாடு மெதுவாக எழுந்து வந்தது. இடுப்பெலும்பு இரண்டு பக்கமும் துருத்திக்கொண்டு இருந்தது. மடி சுருங்கிக் காய்ந்து கிடந்தது. நான் அந்த மாட்டைப் பக்கத்தில் பார்த்து எத்தனையோ காலம்.

"எவ்வளவு கறக்குது?" என்று கேட்டேன்.

அவன் குனிந்து தொட்டியில் இலையைப் பரப்பினான். கொட்டில் வாசலில் நின்றுகொண்டிருந்த சித்திதான் சொன்னாள். "கறக்கிறதா? அது வத்தி ரொம்ப நாளாச்சுங்க மாமா. இனி கன்னும் போடாது. வித்துருங்கன்னு நானும் சொல்லிப் பாத்துட்டேன். இவரு கேட்டாத்தானே. மாட்ட வித்துட்டா மேல் வீட்டு வாளி எதுக்கு வரும்னு என்கிட்டயே கேக்குறாரு."

"நீ போயி தேத்தண்ணிய ஊத்து" என்றான் சித்தப்பா, திரும்பிப் பார்க்காமல்.

மகனே, கீழே இருந்து பால் வருவது நின்றுபோனதை நான் கவனித்திருந்தேன். கஞ்சத்தனத்தில் நிறுத்திவிட்டான் என்று நினைத்து, அதையும் அவன் கணக்கில் எழுதி வைத்திருந்தேன். நான் அப்படிப்பட்டவன், உனக்குத் தெரியும்.

தேத்தண்ணி வந்தது. இரண்டு பேரும் கொட்டில் வரம்பில் உட்கார்ந்து குடித்தோம். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "மேல வர்றதுக்கு மட்டும் ஒனக்குச் சாக்கு வேணும். மால போடுறதுக்கு ஒண்ணும் வேணாம்" என்றேன்.

"தலைவருன்னா போடத்தாண்ணே வேணும். போடாட்டி பள்ளிக்கூடத்துக்குக் கூரை வராதுன்னு சொன்னாங்க."

"போட்டியே. வந்துச்சா?"

"வரல."

அந்தக் கூரை இப்போதும் ஒழுகுகிறது. ஒழுகும் வகுப்பில் நின்றுதான் நான் படிப்பிக்கிறேன். நான் அவனை மன்னித்துவிட்டதாக நினைக்காதே. மாலை போட்டது போட்டதுதான். ஆனால் அவன் என்னை அண்ணே என்று கூப்பிட்டதைக் கவனித்தேன். அவன் கவனித்தானா தெரியாது.

நான் எழுந்தபோது அவன் மாட்டின் முதுகில் ஒட்டியிருந்த உண்ணியைக் கிள்ளியபடி, என்னைப் பார்க்காமல் கேட்டான். "பந்தக்கால் யாரு ஊண்றது?"

"நீதான். வேற யாரு."

"நேரா ஊண்டிருவேன். நீங்க பக்கத்தில நின்னுகிட்டு கோணலு கோணலுன்னு சொல்லக் கூடாது."

"கோணலா இருந்தா சொல்லத்தான் செய்வேன்."

"அப்ப சொல்லுங்க" என்றான்.

அன்று சாயந்தரமே அம்மா காலை இழுத்துக்கொண்டு, என் தோளைப் பிடித்தபடி மேட்டில் இறங்கினாள். தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து முறையாக அழைத்தோம். நான் அழைத்தேன், அம்மா தட்டைப் பிடித்துக்கொண்டிருந்தாள். உன் சித்தி தட்டை வாங்கும்போது அழுதாள். சித்தப்பா, கல்யாண நாளில் மழை வந்தால் பந்தலுக்கு மேல் என்ன போடுவது என்று பேசத் தொடங்கினான். அவனுக்கு எப்போதும் கூரையைப் பற்றித்தான் கவலை.

ஆகவே, நீ கேட்டதற்குப் பதில். உன் வீட்டுக்கு முக்கால் குதிரை வலுவில் மூடி வகை. நம் வீட்டுக்கு வேண்டாம். மற்றக் காரணங்களும் இருக்கின்றன. நம் குழி மலசலகூடத்துக்கு மட்டும் அளவு பார்த்து வெட்டியது, அரைத்த கழிவும் சேர்ந்தால் சீக்கிரம் நிரம்பும், நிரம்பினால் மண்மேடு வழியாகக் கீழே உன் சித்தப்பா சுவரில் கசியும். பங்குனி வெயிலில் குழாயில் தண்ணீர் காலையில் கொஞ்சம் வந்துவிட்டு நின்றுவிடும், அந்த இயந்திரத்துக்கோ ஓடும் தண்ணீர் வேண்டும். சாயந்தரத்தில் கரண்ட் இறங்கிப் போய் மோட்டார் முனகும். இதையெல்லாம் நான் கடைக்குப் போவதற்கு முன்பே யோசித்திருக்க வேண்டும். ஆனால் இவை ஒன்றும் இல்லாவிட்டாலும் வேண்டாம் என்றுதான் எழுதியிருப்பேன்.

அம்மாவின் காலைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம். பின்படியைக் கொத்தி எடுத்துவிட்டு, வேறொரு பாஸை வைத்துச் சரிவு போட்டு, சொரசொரப்பாகப் பூசியாகிவிட்டது. இந்த முறை நான் மட்டக்கோலோடு பக்கத்திலேயே நின்றேன். சிங்க்குக்குப் பக்கத்தில் வாளி வைக்க ஒரு தட்டு கட்டியிருக்கிறோம், அம்மா குனிய வேண்டியதில்லை. காலையில் பள்ளிக்கூடத்துக்குப் போகும் முன் வாளியை நான் கீழே கொண்டுபோய்க் கொடுக்கிறேன். உன் சித்தப்பா அதற்குள் பார்த்துவிட்டு, "நேத்து ராத்திரி கத்தரிக்காயா, அண்ணிக்குக் கத்தரிக்கா ஆகாதே" என்கிறான். நாங்கள் பேசுவது பெரும்பாலும் இவ்வளவுதான். மாடு அதிக நாள் இருக்காது, பார்த்தாலே தெரிகிறது. கொத்மலைப் பக்கம் ஒரு கன்று பார்த்து வைத்திருப்பதாக நேற்றுச் சொன்னான். இந்த வயதில் உனக்கு எதற்குக் கன்று என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை.

உனக்கும் மருமகளுக்கும் புத்தி சொல்லும் தகுதி எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். நீங்கள் சண்டை போடாமல் இருக்கப் போவதில்லை. நீ என் பிள்ளை, உனக்கும் கோபம் சுலபமாக ஆறாது. ஆறாவிட்டால் பரவாயில்லை. அந்தக் கோபம் இருக்கும்போதே அன்றாட வேலையை நிறுத்தாதே. தேத்தண்ணி ஊற்றிக் கொடு, குப்பையைக் கீழே கொண்டுபோ, அவள் வீட்டாருக்குப் போன் பண்ணு. உறவு அங்கேதான் ஓடிக்கொண்டிருக்கும், நீ பேசாத நாட்களிலும்.

அம்மாவின் இயந்திரத்துக்கென்று நீ ஒதுக்கி வைத்ததைத் திருப்பிச் சேமிப்பில் போடு. ஆனால் வரும்போது ஒன்று வாங்கி வா. முழங்கால் வரைக்கும் வருகிற ரப்பர் பூட்ஸ், அட்டை ஏறாத மாதிரி. இரண்டு சோடி. ஒன்று என் அளவில். மற்றதை ஓர் அளவு பெரிதாகப் பார்த்து எடு, அவன் கால் சின்ன வயதிலிருந்தே என்னுடையதைவிடப் பெரிது.

அப்பா